கேசட் பாட்டை நாலு கட்டைக்கு இறக்கிய வேலை

டேப் செட்டின் மோட்டார் நூற்றுக்கு ஆறு பங்கு வேகமாகச் சுற்றினால் பாடுகிறவரின் குரல் ஒரு சுரத்தானம் மேலே ஏறிவிடும். ஷட்ஜத்திலிருந்து சுத்த ரிஷபத்துக்கு உள்ள தூரம் அது. சினிமாப் பாட்டு என்றால் பலருக்கும் வித்தியாசம் தெரியாது. வீட்டு மனுஷியின் குரல் என்றால், பெற்ற பிள்ளைகள் இரண்டு வரி கேட்பதற்குள் முகத்தைச் சுளிப்பார்கள். பெல்ட் மாற்றுவது எப்படி என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். வேகத்தைச் சரிபார்ப்பது பற்றிச் சொல்பவர்கள் குறைவு. என் கணக்கில் வேலையில் பாதி அதுதான். அதனால் இந்தப் பதிவு.

செட் அப்பா எண்பதுகளில் வாங்கியது. ஜப்பான் டூ-இன்-ஒன் (ரேடியோவும் டேப்பும் சேர்ந்தது), ஒரே ஸ்பீக்கர், மீடியம் வேவ் ஒன்று, ஷார்ட் வேவ் இரண்டு. கரண்டிலும் ஓடும், ஆறு பெரிய செல் போட்டாலும் ஓடும். காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊட்டு அட்டாலியில், ஒரு பெட்டி கேசட்டோடு கிடந்தது. கேசட்டுகளில் பெரும்பாலானவை ரெக்கார்டிங் சென்டரில் சீட்டு எழுதிக் கொடுத்துப் பதிவு செய்தவை. எந்தப் பாட்டு, எந்த வரிசை என்று அப்பா பால்பாயிண்ட் பேனாவில் எழுதி வைத்த பட்டியலைப் படிப்பதே தனி சந்தோஷம். ஒன்றில் மட்டும் பாட்டுப் பெயர் எதுவும் இல்லை. ஒரு பக்கம் ‘பூ நோம்பி, அத்தை பாட்டு’. மறுபக்கம் ‘பஜனை’. அப்பாவுக்கு அத்தை என்றால் எனக்கு அம்மிச்சி, அம்மாவைப் பெற்றவர். அம்மாவும் பெரியம்மாவும் மாமாவும் அம்மிச்சியின் குரலைக் கேட்டுப் பல வருஷம் ஆகிறது. என் மகள் கேட்டதே இல்லை.

பின்மூடியில் ஆறு திருகு. அதில் ஒன்று செல் போடும் அறைக்குள் இருக்கும். மூடி வராவிட்டால் நெம்பாதீர்கள், அதைத் தேடுங்கள். ஸ்பீக்கருக்கும் ஏரியலுக்கும் போகிற ஒயர்கள் குட்டையானவை, மூடியை வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். ஒவ்வொரு பாகத்தைக் கழற்றும்போதும் மகள் போனில் படம் எடுத்தாள். எந்தத் திருகு எங்கே இருந்தது என்று ஒரு அட்டையில் செட்டின் படத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் திருகைக் குத்தி வைத்ததும் அவள்தான். மாட்டும்போது அந்த அட்டை போன் படங்களைவிட அதிகம் உதவியது.

செல் அறையின் ஸ்பிரிங்குகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. அந்தக் காலத்து சாதாரண செல்லிலிருந்து கசிவது அமிலத்தன்மை உள்ளது, எனவே சமையல் சோடாவை ஈரத்தில் குழைத்துத் துடைக்க வேண்டும். இப்போதைய ஆல்கலைன் செல் கசிந்திருந்தால் தலைகீழ், வினிகர் வேண்டும். எது எது என்று பார்த்துச் செய்துவிட்டு நன்றாகக் காயவிட்டால் போதும்.

மோட்டாரின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட்டைக் காணோம். அதாவது பெல்ட் இருந்த இடத்தில் கருப்பட்டிப் பாகு இருந்தது. ரப்பர் பெல்ட்டுகள் முப்பது, நாற்பது வருஷத்தில் இரண்டு வகையாகக் கெடும். சில தளர்ந்து நீளும், சில உருகிப் பிசினாகும். இது இரண்டாவது வகை. மோட்டார் கப்பி, ஃப்ளைவீல் (ஓட்டத்தைச் சீராக்கும் கனத்த சக்கரம்), நடுவில் வழிகாட்டும் சக்கரம் எல்லாவற்றிலும் அப்பியிருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியை சீமாத்துக் குச்சியில் சுற்றித் துடைத்தேன். தென்னங்குச்சி வளையும், பித்தளைக் கப்பியைக் கீறாது. இந்த வேலைக்கு ஸ்க்ரூ டிரைவர் முனை ஆகவே ஆகாது. கையில் ஒட்டிய கறுப்பு சோப்புக்குப் போகாது. முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட வேண்டும்.

பழைய பெல்ட் பிசினாகிவிட்டால் அளவு எப்படி எடுப்பது? பெல்ட் ஓடும் பாதை முழுக்க ஒரு தையல் நூலைச் சுற்றி, இரு முனையும் தொடும் இடத்தில் மை வைத்து, நூலை நீட்டி அளந்தேன். 26 செ.மீ. ரப்பர் இழுபட்டு நிற்க வேண்டும் என்பதால் அதில் நூற்றுக்கு ஐந்து குறைக்க வேண்டும், 24.7 செ.மீ. கடையில் பெல்ட்டை விட்டத்தில் சொல்வார்கள். 3.14-ஆல் வகுத்தால் சுமார் 79 மி.மீ. குறுக்கே 1.2 மி.மீ. சதுரம். கோயமுத்தூரில் காந்திபுரம் பக்கத்துப் பார்ட்ஸ் கடை ஒன்றில் இந்தக் கணக்கைச் சொன்னதும் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “ஏனுங்க, இன்னுமாங்க டேப் செட் ஓட்டறீங்க?” என்று கேட்டுக்கொண்டே மேல்தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கொட்டினார். அளவு அளவாக பெல்ட்டுகள். தன் வீட்டிலும் ஒன்று இருப்பதாகச் சொல்லி, அதற்கும் ஒன்றை எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டார். எனக்கு 79 கிடைக்கவில்லை, 78 கிடைத்தது. ஒரு மில்லி குறைந்தால் பரவாயில்லை. அதற்கும் கீழே போனால் மோட்டார் தண்டைத் தாங்கும் புஷ் தேயும்.

டேப்பில் உள்ள பதிவைப் படிக்கும் ஹெட்டையும், டேப்பை இழுத்து ஓட்டும் கேப்ஸ்டன் தண்டையும் அதே ஆல்கஹாலில் துடைத்தேன். பஞ்சில் பழுப்பாக வருவது டேப்பிலிருந்து உதிர்ந்த இரும்பு ஆக்சைடு. பஞ்சு வெள்ளையாக வரும்வரை விடக்கூடாது. டேப்பை அந்தத் தண்டோடு அழுத்தும் பிஞ்ச் ரோலர் ரப்பர், அதற்கு ஆல்கஹால் வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும். பளபளப்பு ஏறி வழுக்கினால் மிக மென்மையான உப்புத்தாளில் ஒரு சுற்றுத் தேய்க்கலாம். ஃப்ளைவீல் தண்டுக்கு ஒரே ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். திருப்பூர் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அந்த எண்ணெயைத் தேடி அலையும் வேலை இல்லை, அம்மாவின் மெஷின் டிராயரிலேயே இருந்தது. தேங்காய் எண்ணெய் விடவே விடாதீர்கள், நாளானால் கெட்டியாகிப் பிடித்துக்கொள்ளும்.

இனி வேகம்.

கேசட்டை 1963-இல் பிலிப்ஸ் வெளியிட்டது. டேப்பின் அகலம் 3.81 மி.மீ., ஓட்டம் விநாடிக்கு 4.76 செ.மீ. பிறகு வந்த எல்லா கம்பெனியும் இதே அளவைப் பிடித்துக்கொண்டதால்தான் எந்த ஊர்க் கேசட்டும் எந்த ஊர்ச் செட்டிலும் ஓடியது. இந்த ஒரு எண் போதும், வேறு சோதனைக் கேசட் எதுவும் வேண்டாம். விநாடிக்கு 4.76 செ.மீ. என்றால் 100 விநாடிக்கு 4.76 மீட்டர்.

வேண்டாத பழைய கேசட் ஒன்றை எடுத்துக்கொண்டோம். பேச்சு இல்லாமல் தொடர்ந்து இசை ஓடுகிறதாகப் பார்த்து எடுக்க வேண்டும். டேப்பைத் திண்ணை நெடுக இழுத்து, மகள் ஒரு முனையும் நான் ஒரு முனையும் பிடித்து, இரும்பு டேப்பால் 4.76 மீட்டர் அளந்தோம். இழுத்துப் பிடிக்கக் கூடாது, டேப் நீண்டுவிடும். தொய்வும் கூடாது. இரண்டு புள்ளியிலும் ஒரு குட்டிக் காந்தத்தை ஒரு நொடி தொட்டு எடுத்தோம். தொட்ட இடத்தில் பதிவு அழிந்துவிடும், ஓட்டும்போது அங்கே பாட்டு ‘டக்’ என்று விழுந்து எழும். அந்த இரண்டு ‘டக்’குக்கும் நடுவில் உள்ள நேரம் 100 விநாடி இருந்தால் செட் சரியான வேகத்தில் ஓடுகிறது. காந்தத்தை வைத்திருந்த மேசைப் பக்கம் அம்மிச்சி கேசட்டைக் கொண்டுவரவே இல்லை. அது உள்ளறை பீரோவில் பூட்டியிருந்தது.

ஸ்டாப்வாட்ச்சைவிட, லேப்டாப்பில் பதிவு செய்து ஒலியின் அலைவடிவப் படத்தில் இரண்டு பள்ளத்துக்கும் நடுவில் அளப்பது துல்லியம். வந்தது 96.4 விநாடி. அதாவது நூற்றுக்கு 3.7 வேகம் கூடுதல். புது பெல்ட் பழையதைவிடக் கொஞ்சம் தடிமனாக இருந்தால் இப்படி ஆகும். மோட்டாரின் கப்பி மிகச் சிறியது, அதில் பெல்ட்டின் தடிமன் சேரும்போது கப்பி பெரிதானதற்குச் சமம். பெரிய ஃப்ளைவீலில் அதே தடிமன் கணக்கிலேயே வராது. பெல்ட் மாற்றியவர்கள் பலர், “பாட்டு ஓடுது, ஆனா எதோ மாதிரி இருக்குது” என்று சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த வகை மோட்டாரின் பின்பக்கம் ஒரு சிறு ஓட்டை இருக்கும். உள்ளே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு. பிளாஸ்டிக் முனை உள்ள ஸ்க்ரூ டிரைவரால் மயிரிழை அளவு திருப்பி, அளந்து, மறுபடி திருப்பி, 99.8 விநாடியில் நிறுத்தினேன். அதற்குமேல் போராட வேண்டியதில்லை. நூற்றுக்குக் கால் பங்கு வித்தியாசத்தைப் பெரிய வித்துவான்களும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

கேசட்டைப் போடும் முன் அதையும் கவனிக்க வேண்டும். ஹெட்டுக்கு எதிரே டேப்பை அழுத்தும் சின்ன பஞ்சுத் திண்டு கழன்று விழுந்திருந்தது. அது இல்லாவிட்டால் சத்தம் அமுங்கி, வந்து வந்து போகும். ஐந்து திருகு உள்ள வேறொரு கேசட்டின் கூட்டைப் பிரித்து, சுருள்களை அப்படியே அதற்குள் இறக்கினேன். சி-60 கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம், ஏறக்குறைய 86 மீட்டர் டேப். வருஷக்கணக்கில் ஒரே சுருளாகக் கிடந்ததை நேராக ஓட்டாமல், பேனாவைச் செருகி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகச் சுற்றித் தளர்த்த வேண்டும். இன்னொரு பலனும் உண்டு. சுருளில் அடுத்தடுத்த அடுக்குகள் ஒன்றின் காந்தப் பதிவை ஒன்றில் லேசாக ஏற்றிவிடும். பாடகர் வாய் திறக்கும் முன்பே அவர் குரல் மெலிதாகக் கேட்பது அதனால்தான். ஒன்றிரண்டு முறை முழுதாகச் சுற்றினால் அந்த முன்னொலி குறையும்.

பூ நோம்பிப் பக்கத்தைப் போட்டோம். தைப்பொங்கல் முடிந்து பெண்டு பிள்ளைகள் கூட்டமாகக் காட்டுக்குப் போய் ஆவாரம்பூ பறித்து, கட்டுச்சோறு தின்று, கும்மியடித்து வருவார்களே, அந்த நோம்பி. முதலில் காற்றுச் சத்தம், பிறகு வளையல் சத்தம், பிறகு கும்மி. ஓசை மட்டும் திரைக்குப் பின்னால் நின்று பாடுவதுபோல மந்தமாக வந்தது. அது ஹெட்டின் சாய்வு. ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட ஒரு திருகு இருக்கும். பழைய நிலையை நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துக் குறித்துக்கொண்டு, கும்மியின் கைத்தட்டு எங்கே சுள்ளென்று விழுகிறதோ அந்த இடம்வரை திருப்பினேன். ‘ச’ எழுத்து வரும் சொற்களும் நல்ல அடையாளம். ஒவ்வொரு பதிவுக்கும் இந்தச் சாய்வு மாறலாம் என்பதால் கேசட்டுக்குக் கேசட் காது வைத்துப் பார்ப்பதே முறை.

திருகு அந்த இடத்துக்கு வந்ததும், அடுப்படியிலிருந்து அம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். “இதா, எங்கம்மா. நடுவுல இருமறாங்க பாரு, அவிங்கதான்.” யார் யார் கூடப் பாடுகிறார்கள் என்று பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டே போனார். மகள் நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்தப் பக்கம் முழுக்க வேகத்தில் குறையே இல்லை.

பஜனைப் பக்கத்தில்தான் சிக்கல் வந்தது. மாமா அர்மோனியம், அம்மிச்சி பாட்டு. இரண்டாவது பாட்டிலேயே அம்மா தலையாட்டினார். “இல்லெ கண்ணு. எங்கம்மாளுக்கு இத்தனை கீச்சுக் குரல் இல்லீயே. இது ஏதோ சின்னப்புள்ளை பாடறாப்பல இருக்குது.” போகப் போக இன்னும் ஏறியது. செட் 99.8-இல் நிற்கிறது. ஆகவே கோளாறு பதிவிலேயே இருக்க வேண்டும்.

மாமாவுக்குப் போன் போட்டேன். அவருக்கு எல்லாம் நினைவு இருந்தது. “அது மாசி சிவராத்திரி மாப்ளே. கோயல்ல கரண்டு இல்லெ. உங்கப்பா தை நோம்பிக்குப் போட்ட செல்லயே மாத்தாம கொண்டாந்துட்டாருங்கறேன்.” விடை கிடைத்துவிட்டது. செல் இறங்கினால் மோட்டார் தளரும். மெதுவாக ஓடும் டேப்பில் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் குரல் உயர்ந்து கேட்கும். செல் இறங்க இறங்க உயரம் கூடிக்கொண்டே போகும்.

எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கரண்டில் பதிவு செய்திருந்தால் அடியில் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் இருக்கும், அதை அளக்கலாம். அதுவும் முழு நம்பிக்கைக்கு உரியதில்லை, அந்தக் காலத்தில் லோடு ஏறினால் மின்சாரத்தின் அலைவெண்ணே ஐம்பதுக்குக் கீழே இறங்கும். இங்கே கரண்டே இல்லை. ஆனால் அர்மோனியம் இருக்கிறது. பித்தளை நாக்கு அதிரும் வேகம் எத்தனை வருஷமானாலும் பெரிதாக மாறாது. அதே அர்மோனியம் மாமா வீட்டில் இன்னும் உறை போட்டு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பொழுதோட மாமா வீட்டுக்குப் போனோம். அத்தை முறுக்கும் காப்பியும் வைத்தார். அன்றைக்கு எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதியில் வாசித்தீர்கள் என்று கேட்டதற்கு மாமா யோசிக்கவே இல்லை. “அம்மாளுக்கு எப்பவும் நாலு கட்டை. அதுக்கு மேல போனா எரிஞ்சு விழுவாங்க.” நாலு கட்டையை அழுத்திப் பிடித்தார். போனில் சுருதி பார்க்கும் செயலி 347 ஹெர்ட்ஸ் காட்டியது. டேப்பில் அதே சுரம் தொடக்கத்தில் 354, கடைசிப் பாட்டில் 367. அதாவது முதலில் நூற்றுக்கு 2 கூடுதல், முடிவில் ஏறக்குறைய 5.8. நாலு கட்டைப் பாட்டு நாலரைக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறது. அம்மாவின் காது சொன்னதை அர்மோனியம் எண்ணில் சொன்னது.

இதற்காக மோட்டார் திருகில் கை வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. செட் சரியாக இருக்கிறது, கெட்டது ஒரே ஒரு பதிவு. அதைக் கணினியில்தான் சரி செய்ய வேண்டும். செட்டின் இயர்ஃபோன் துளையிலிருந்து, லைன்-இன் உள்ள யூஎஸ்பி ஆடியோ அடாப்டர் வழியாக லேப்டாப்புக்கு எடுத்தேன். லேப்டாப்பின் மைக் துளையில் நேராகச் செருகினால் சத்தம் உடைந்து வரும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு, ஒரே சானல். எடுத்த மூலக் கோப்பை அப்படியே தனியாக வைத்துவிட்டு, நகலில் மட்டும் வேலை. ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில், வேகத்தை இடத்துக்கு இடம் மாற்ற டைம் டிராக் என்று ஒரு வசதி உண்டு. தொடக்கத்தில் 98 விழுக்காடு, முடிவில் 94.5, நடுவில் சரிவாக இறங்கும்படி கோடு போட்டேன். பிறகு பாட்டுக்குப் பாட்டு அர்மோனியச் சுரத்தை அளந்து, கோட்டில் இன்னும் சில புள்ளிகள் சேர்த்து 347-க்கு இழுத்துவந்தேன். செல் ஒரே சீராக இறங்குவதில்லை, கடைசிப் பத்து நிமிடத்தில்தான் மடமடவென்று விழுந்திருக்கிறது.

இரைச்சலை நீக்கும் வசதியைத் தொடவில்லை. அதைப் போட்டால் டேப் இரைச்சலோடு அம்மிச்சி மூச்சு வாங்குவதும் போய்விடுகிறது. எனக்கு இரைச்சல் இருந்தால் பரவாயில்லை.

மாமாவையும் அம்மாவையும் சேர்த்து உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். மாமா பாதியில் அர்மோனியத்தை இழுத்து, டேப்போடு சேர்ந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார். சுருதி ஒட்டி நின்றது. ஒரு இடத்தில் அம்மிச்சி பாட்டை நிறுத்தி, “தாளத்தெ ஓட்டாதடா” என்று அதட்டுவது பதிவாகியிருக்கிறது. மகள் அதை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். மாமா ஒவ்வொரு தடவையும் சிரித்தார்.

ரேடியோ பக்கமும் உயிரோடு இருக்கிறது. வால்யூம் திருகும்போது கரகரத்தது, காண்டாக்ட் கிளீனர் ஒரு பீய்ச்சு அடித்துப் பலமுறை திருகியதும் அடங்கியது. மீடியம் வேவில் கோவை வானொலி 999 கிலோஹெர்ட்ஸில் கிடைக்கிறது. வீட்டுக்குள் எல்ஈடி பல்பும் போன் சார்ஜரும் போடுகிற இரைச்சலில் கேட்க முடியாது. செட்டை செல்லில் போட்டுக் களத்துக்குக் கொண்டுபோனால் தெளிவாக இருக்கிறது. அம்மாவுக்கு இப்போது காலையில் அது ஒரு வேலை.

அடுத்தது பெரியம்மா வீட்டுக் கேசட்டுகள். எங்கள் பக்கத்துக் காற்று காய்ந்தது, டேப்புக்கு நல்லது. பெரியம்மா இருப்பது ஆனைமலைப் பக்கம், தோப்புக்குள் வீடு. சுருள் ஓரங்களில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. அவற்றை இந்தச் செட்டில் நேராகப் போட மாட்டேன், ஹெட்டிலும் ரோலரிலும் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். முதலில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் காயவைத்து, திறந்த வெளியில் முகமூடி போட்டுக்கொண்டு, வேறொரு பழைய செட்டில் மென்துணியை டேப்பில் படும்படி வைத்துச் சுற்றித் துடைக்க வேண்டும். அதற்கென்று ஓட்டம் மட்டும் உள்ள, பாடாத செட் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். ஐந்து திருகு உள்ள காலிக் கேசட் கூடுகளும் வேண்டும். ஒட்டி மூடிய கூடுகள் வேண்டாம், அவற்றை உடைக்காமல் பிரிக்க முடியாது.